ஒன்பது புள்ளிகள்

மாம்பழக்கூழ் டிரம்மில் இடித்து
போனின் முகம் சிதறிய அன்று
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
மாதேஷ் கடையில் நீட்டினேன்.
பேட்டர்ன் என்னண்ணா, என்றான்.
ரசீதின் பின்புறம் ஒன்பது புள்ளி குத்திக் கொடுத்தான்.
கோடு இழுத்தேன்.
வீட்டுச் சாவியைக்கூட எவரிடமும்
இத்தனை சுலபமாய்க் கொடுத்ததில்லை.
சாயங்காலம் வாங்க.

சாயங்காலம் வரைக்கும்
அவன் மேசையில் முனிரத்தினம் கிடப்பான்.
பனியனைக் கழற்றி
கூச்சத்தில் வயிற்றை உள்ளிழுத்து
ஜன்னல் வெளிச்சம் விழுந்த ஒரு தோளோடு.
சுங்கச்சாவடியில் இரவு ஷிப்ட் முடித்து
மனைவியும் பிள்ளையும் எழும்முன்
எனக்காக எடுத்தது.
பார்த்ததும் அழி என்று
கீழே இரண்டு தடவை எழுதியிருந்தான்.
அழிக்கவில்லை.
அழிக்காததை அன்பென்று நினைத்திருந்தேன்.

நானும் அனுப்பியிருக்கிறேன்.
கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு.
தலை இல்லாதவனுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை,
தங்கச்சிக்கு வரன் பார்க்கும் வீடு இல்லை
என்று நம்பி.
பின்சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை
அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்:
காவேரிப்பட்டணம் ஜவுளிக்கடை, போன் நம்பரோடு.
தேதி பதினேழு.
சந்திராஷ்டமம் சிம்மம்.
என் ராசிதான்.

பர்கூரில் ஒருவனுக்கு
இடுப்பு மச்சம் ஒன்று போதுமாயிருந்தது.
முதலில் ஐயாயிரம் கேட்டார்கள்.
பிறகு பைக்கை விற்றான்.
பிறகு சிம்மை மாற்றினான், பிறகு ஊரை.
சட்டம் இருக்கிறது, ஸ்டேஷனுக்குப் போ என்றேன்.
சட்டத்துக்கு முன்னால் ஒரு ரைட்டர் உட்கார்ந்திருப்பார்,
அவருக்கு எங்க மாமனைத் தெரியும், என்றான்.

அன்று லேபில்
கூழின் இனிப்பை மூன்று தடவை அளந்தேன்.
மூன்றும் வேறு வேறு.

ஆறரைக்குப் போனேன். புதுக் கண்ணாடி.
ஆயிரத்து எண்ணூறுண்ணா.
கேலரிக்கு லாக் இல்லாம வெச்சிருக்கீங்க, போட்டிருக்கேன்.
நம்பரை நீங்களே மாத்திக்கோங்க.
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.
ஒன்பது புள்ளிச் சீட்டைக் குப்பையில் போடாமல்
என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

பார்த்தானா?
பார்க்காதவன் எதற்குப் பூட்டுவான்?
கருணைக்கும் மிரட்டலுக்கும்
முதல் வரி ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மூன்று நாள் எந்த நம்பர் அடித்தாலும் வயிறு கலங்கியது.
சார், உங்களுக்கு எவ்வளவு வேணும்
என்று ஒரு பெண் கேட்டாள்.
நீங்கதாம்மா சொல்லணும் என்றேன்.
பர்சனல் லோன்.

முனிரத்தினத்திடம் சொல்லிவிட்டேன்.
லாரிகள் கடக்கும் சத்தம் மட்டும் வந்தது.
அழின்னுதானே சொன்னேன், என்றான்.
அவன் பக்கத்தில் தடுப்புக்கட்டை இறங்கும் மணி அடித்தது.
அதற்குப் பிறகு எந்த அழைப்பையும் அவன் எடுக்கவில்லை.

நான்காம் நாள் இரவு
கூழ் வேனைக் கழுவக் கொடுத்துவிட்டு
ரவுண்டானாவில் நின்றிருந்தேன்.
ஆப்பில் தலையில்லாத புதியவன் ஒருவன்,
முப்பது மீட்டரில்.
முழங்கையில் சால்டரிங் சுட்ட வடு.
நீல ரப்பர் விரிப்பு.
கண்ணாடிக் கதவில் இடவலம் மாறிய கடைப்பெயர்.
எழுத்துக் கூட்டவே தேவையில்லை,
நான்கு நாளாய் என் தூக்கத்தில் தொங்கிய போர்டு.

இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் போதும்.
அவனிடம் என்னுடையது, என்னிடம் அவனுடையது.
இனி யாரும் யாரையும் கேட்க முடியாது.
விரல் வைத்தும்விட்டேன்.

பின்னால் கடை போர்டு தெரியுது, வெட்டிட்டுப் போடு
என்று அனுப்பினேன்.

படம் உடனே மறைந்தது.
எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது.
நின்றது. மறுபடி காட்டியது.
சாலைக்கு அந்தப் பக்கம்
பாதி ஷட்டர் இறங்கிய கடையில்
விளக்கு இன்னும் எரிந்தது.
நான் கடந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்து முனிரத்தினத்தை அழித்தேன்.
முப்பது நாள் குப்பைத்தொட்டியில் இருப்பான்,
வேண்டுமானால் இப்போதே நிரந்தரமாய், என்றது போன்.

இன்றைக்கு இன்னும் இருபத்து மூன்று.